புகை வீட்டில் மூன்று இரவுகள்

பரிசுக்கு வந்த முதல் வருடம், ஒக்ரோபர் மாதம், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய நஞ்சு பொறுக்கிக்கொண்டு அறைக்குப் போனேன். நஞ்சு என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு பூங்கா. மரங்களின் கீழே, எண்ணெய் பூசித் துடைத்துவிட்டதுபோல மினுங்குகிற மண்ணிறக் கொட்டைகள் கொட்டிக் கிடந்தன. இதைத்தானே மெற்றோ வாசலில் சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டிக்கு மேல் தகரத் தட்டு வைத்துச் சுட்டு விற்கிறார்கள்? ஒரு கடதாசிச் சுருளுக்கு அவர்கள் கேட்கிற காசு எனக்கு அரை நாள் சாப்பாட்டுக் காசு. இங்கே சும்மா கிடக்கிறது, ஒரு வெள்ளைக்காரனும் குனிந்து எடுக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அறையில் ஆறு பேர் இருந்தோம். மூத்தவர் எல்லோருக்கும் அண்ணை. பையைத் திறந்து பார்த்தவர், "எறியடா உதை. போன வருசம் நான் அவிச்சுத் திண்டிட்டு இரண்டு நாள் கக்கூசுக்குள்ளதான் கிடந்தனான்" என்றார்.

தெருவோரத்தில் நிற்பது ஒரு மரம், தின்னுகிற கொட்டை வேறொரு மரம். இரண்டும் சொந்தமே இல்லை. தின்னுகிற செஸ்ட்நட், ஓக் மரத்தின் குடும்பம். தெருமரம் பூந்திக்கொட்டையின் குடும்பம். நகை கழுவவும் தலை முழுகவும் ஊரில் வைத்திருப்போமே, நுரைக்கிற கொட்டை, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். அதே மாதிரியான நுரைப்பொருள் இதற்குள்ளும் இருப்பதால்தான் வயிற்றைக் கலக்குகிறது. விஷயம் தெரிந்த சிலர் இங்கே அதை நறுக்கி ஊறவைத்து உடுப்புத் தோய்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சில் அதன் பெயர் 'இந்திய மறோன்', அதாவது இந்தியச் செஸ்ட்நட். இந்தியாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. போல்கன் மலைகளில் முளைத்து, கொன்ஸ்தாந்திநோப்பிள் வழியாக மேற்கே வந்த மரம். கிழக்கிலிருந்து வந்த எதற்கும் 'இந்திய' என்று ஒட்டிவிடுகிற காலம் அது. நாங்கள் வந்தபோது எங்களையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக அடையாளம் சொல்லிவிடுகிறேன். நச்சு மரத்தின் காயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள். இலை விரித்த கைபோல, ஐந்து ஏழு விரல்களோடு இருக்கும். நல்ல மரத்தின் காய் முள்ளம்பன்றிக் குட்டி. கைவைக்க இடமில்லாமல் ஊசி. இலை தனித்தனியாக, நீளமாக, ஓரமெல்லாம் வாள் பல். கொட்டையைப் பார்த்தும் சொல்லலாம். நல்லதற்கு ஒரு நுனியில் சின்னக் குஞ்சம் இருக்கும். நஞ்சு மொழுமொழுவென்று உருண்டையாக இருக்கும், நுனியே கிடையாது.

செஸ்ட்நட்டுக்குத் தமிழ் என்னவென்று அகராதியில் தேடினால் 'கஷ்கொட்டை' என்று ஒரு சொல் அகப்படும். நான் அதை யார் வாயிலும் கேட்டதில்லை. பரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் எல்லோருக்கும் அது மறோன்தான். பிரெஞ்சுக்காரரோ மறோன் என்றும் ஷத்தேன் என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே மரத்துக் கொட்டை. உள்தோல் பருப்புக்குள் மடிந்து புகுந்து அதை இரண்டு மூன்றாகப் பிரித்தால் ஷத்தேன். பிரிக்காமல் முழுசாக இருந்தால் மறோன். ஒரு வகை மரத்தின் கொட்டைகளில் நூற்றுக்கு 12க்குக் குறைவானவை மட்டுமே அப்படிப் பிரிந்திருந்தால் அந்த வகையை மறோன் என்று விற்கலாம் என்பது வியாபாரக் கணக்கு. பாகில் ஊறவைத்துப் பளபளவென்று விற்கிற மறோன் கிளாசேக்கு உடையாத முழுப்பருப்பு வேண்டும், அதனால்தான் இந்தக் கணக்கெல்லாம். எனக்கு மறோன் கிளாசே பிடிக்காது. வெறும் சீனி.

பத்து வருடம் நான் ஷத்தேனை இப்படி ஒரு கொறிக்கிற சாமானாகவே நினைத்திருந்தேன். அதை மாற்றியது ஒரு சமையலறைச் சிநேகிதன். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உணவகத்தில் அவன் மீன் வெட்டுகிறவன். தாயின் வீடு தெற்கே, செவென் மலையில். ஒரு இலையுதிர்காலத்தில், "அம்மாவுக்குக் கை காணாது, வாறியா?" என்று கேட்டான். நீம் வரைக்கும் வேக ரயில், அங்கிருந்து அலெசுக்குச் சின்ன ரயில், பிறகு அவனுடைய மாமனின் காரில் கார்டோன் ஆற்றோடு வளைந்து வளைந்து மேலே. வழியெல்லாம் காடு. நான் காடு என்று சொன்னபோது மாமன் வண்டியை நிறுத்தாத குறை. "இது காடு இல்லை, தோட்டம்" என்றார்.

இறங்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தச் சரிவு முழுக்கக் கல் தகடுகளை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு மதில்கள். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல். ஒவ்வொரு படியிலும் மண்ணை முதுகில் சுமந்து கொண்டுவந்து நிரப்பி, மரம் நட்டு, ஒவ்வொரு மரத்திலும் நல்ல சாதிக் கிளையை ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். விதை போட்டு வருகிற மரம் பெரும்பாலும் சின்னக் காயாகக் காய்க்கும், ஒட்டுக்கட்டினால்தான் சாப்பாட்டுக்கு உதவும். பெல்கிறீன், ஃபிகறெத் என்று சாதிகளுக்குப் பெயர்கள். ஒன்று காய வைக்க நல்லது, ஒன்று உரிக்கச் சுகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வார்கள். இந்த மரத்துக்குச் சுண்ணாம்பு மண் ஆகாது. செவெனின் தகட்டுக்கல் மண் அதற்குச் சொர்க்கம், கோதுமைக்கோ நரகம். கோதுமை விளையாத இடத்தில் சனம் இருக்க வேண்டுமென்றால் மாவு மரத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால் அவர்கள் அதை 'ரொட்டி மரம்' என்றார்கள். எங்களுடைய ஈரப்பலாவுக்கும் வெள்ளைக்காரன் அந்தப் பெயரைத்தான் வைத்தான், ஆனால் இது வேறு.

மற்றக் கொட்டைகளோடு ஷத்தேனைச் சேர்த்து வைப்பதே பிழை. வாதுமையும் அக்ரூட்டும் எண்ணெய்க் கொட்டைகள். ஷத்தேனில் எண்ணெய் நூற்றுக்கு 3 பங்குகூட இல்லை. பச்சையாக இருக்கும்போது ஏறக்குறையப் பாதி தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மாப்பொருள். அதாவது அது மரத்தில் காய்க்கிற கிழங்கு. தண்ணீர் இவ்வளவு இருப்பதால்தான் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், புழு வைக்கும். ஒக்ரோபரில் மலைபோலக் குவியும், டிசம்பரில் அழுகும். வருடம் முழுக்கச் சாப்பிடவேண்டும். என்ன செய்வது?

இதற்கு அவர்கள் கண்ட வழியைத்தான் முதல் நாள் மாலை நான் மணத்தால் கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால், சரிவோடு ஒட்டி, சின்னதாக ஒரு கல் வீடு. புகைபோக்கி இல்லை, கூரைத் தகடுகளின் இடுக்குகளால் புகை கசிந்துகொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் என் அப்பப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. வெட்டிய புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, கீழே பொச்சுமட்டையும் ஊமலும் போட்டுப் புகை ஊட்டுவார்கள். அந்தக் குடிலுக்குள் போய் வந்தால் மூன்று நாளைக்கு முழுகினாலும் மணம் போகாது. சரக்கு வேறு, விறகு வேறு. ஆனால் எரியவிடாமல் புகையவிடுகிற நெருப்புக்கு எந்த நாட்டிலும் ஒரே மூச்சு.

இந்தக் கல் வீட்டின் பெயர் கிளேட். இரண்டு தட்டு. மேல்தட்டின் தளம், இடைவெளி விட்டு அடித்த மரச் சட்டங்கள். கொட்டை விழாது, புகை ஏறும். சரிவோடு கட்டியிருப்பதால் மலைப்பக்கத்து ஜன்னலால் கூடைகளை நேரே மேலே கொட்டலாம், ஏணி தேவையில்லை. முழங்கால் அளவுக்குக் கொட்டையைப் பரப்பிவிட்டு, கீழே மண்தரையில் ஷத்தேன் மரத்தின் பெரிய அடிக்கட்டைகளை வைத்துத் தீ மூட்டுவார்கள். தீ பிடித்ததும் போன வருடத்துக் கோதுகளைக் கொட்டி மூடிவிடுவார்கள். அப்புறம் 4 முதல் 6 கிழமைக்கு அது அணையவும் கூடாது, எரியவும் கூடாது. நடுவில் ஒருமுறை மேலே ஏறிக் குவியலைப் புரட்டவேண்டும். மற்றபடி இரவும் பகலும் யாராவது அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். முன்பு ஊர்ச்சனம் குளிருக்கு இதற்குள்தான் வந்து குந்தியிருந்து கதைபேசுமாம். புகை மேலே போய்விடும், குந்தியிருப்பவருக்குச் சூடு மட்டும்.

காய்ந்த கொட்டை சாவியில்லாத பூட்டு. கோதையும் உள்தோலையும் போக்க, அடியில் கூர்ப் பற்கள் அடித்த மரச் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு ஆண்கள் குவியல்மேல் மிதிப்பார்கள். இல்லாவிட்டால் நீளச் சாக்கில் கட்டி இரண்டு பேர் மரக்குற்றியில் அடிப்பார்கள். பிறகு புடைத்தெடுத்தால் தந்தம் மாதிரி வெள்ளைப் பருப்பு. ஏறக்குறைய 3 கிலோ பச்சைக்கு 1 கிலோ காய்ந்தது. இந்த வீட்டில் அந்தச் சப்பாத்து இன்னும் சுவரில் தொங்குகிறது. இப்போது வேலையைச் செய்வது ஒரு இயந்திரம். நான் சப்பாத்தைப் போட்டுப் பார்த்தேன், நாலு அடிகூட வைக்க முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மதாம் பஜானா வைத்தார். மதாம் என்றுதான் நான் அவரைக் கடைசிவரை கூப்பிட்டேன், எண்பது வயதை நெருங்கியவரைப் பெயர் சொல்ல எனக்கு நா வரவில்லை. காய்ந்த ஷத்தேனை முதல்நாளே ஊறப்போட்டு, இரண்டு மூன்று மணிநேரம் மெல்லிய தீயில் அவித்து, கரைந்தும் கரையாமலும் இருக்கும்போது பால் விட்டு இறக்குகிற கூழ். சிலர் வைன் விடுவார்கள். ஒரு இனிப்பு, அதற்கு அடியில் ஒரு புகை. பழைய காலத்தில் குளிர்காலம் முழுக்கக் காலையிலும் மாலையிலும் இதுதானாம். நான் இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டியபோது மதாமுக்கு நம்பிக்கை வரவில்லை. "மரியாதைக்குச் சாப்பிடுகிறாயா?" என்றார். மரியாதைக்கு இல்லை. பனங்கிழங்கைக் கிழித்துக் காயப்போட்டு ஒடியலாக்கி, மாவிடித்து, கூழ் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவன் நான். அங்கே வெயில் செய்கிற வேலையை இங்கே புகை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சொல்லி விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதவில்லை.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பள்ளிக்கூட நாட்களில் பஜானா சாப்பிடுகிற வீடு என்றால் இளக்காரம். சந்தையில் ரொட்டி வாங்க முடியாதவன், பன்றிக்குப் போடுகிறதைத் தின்கிறவன். உண்மையிலேயே புழுத்ததும் உடைந்ததும் பன்றிக்குத்தான் போகும், அதனால் பேச்சுக்கு இடமிருந்தது. இந்த இளக்காரம் மேலிருந்து வந்தது என்பது என் எண்ணம். கோர்சிக்காத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட இத்தாலியின் ஜெனோவாக்காரர், காணிக்காரர் எல்லோரும் ஷத்தேன், ஒலிவ், அத்தி, முசுக்கொட்டை மரங்களை வருடாவருடம் நடவேண்டும் என்று கட்டளை போட்டார்கள். ஷத்தேன் அங்கே அப்படிப் பிடித்துக்கொண்டது, ஒரு வட்டாரத்தின் பெயரே கஸ்தனிச்சா, ஷத்தேன் நாடு. பிறகு பிரெஞ்சு ஆட்சி வந்தது. உழாமல் விதைக்காமல் மரத்துக்குக் கீழே பொறுக்கித் தின்கிற சனம் சோம்பேறிச் சனம், அடங்காத சனம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது. 1771இல் புதிதாக ஷத்தேன் நடுவதற்கே தடை போட்டார்கள். தடை நிலைக்கவில்லை. மதில் கட்டி, மண் சுமந்து, ஒட்டுக்கட்டி, நாற்பது நாள் நெருப்புக் காக்கிற வேலையைச் சோம்பல் என்று சொன்னவர்கள் ஒரு கிளேட்டுக்குள்ளாவது எட்டிப் பார்த்திருப்பார்களா?

உருளைக்கிழங்கைப் பிரான்சுக்குச் சாப்பிடப் பழக்கியவர் என்று பெயரெடுத்த பார்மோந்தியே, 1780இல் ஷத்தேனைப் பற்றியும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்த மாவில் ரொட்டி எழும்பாது, கோதுமையில் இருக்கிற பசைச் சத்து இதில் இல்லை. ரொட்டி மரம் என்று பெயர் இருந்தாலும் ரொட்டி ஆகாது, கூழாகும், களியாகும், அடையாகும். கோர்சிக்காக்காரர் மாவைக் களியாகக் கிண்டித் துணியில் கவிழ்த்து, துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்று இதே மாவைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். விலையைப் பார்த்தால் மதாமின் பள்ளித் தோழர்கள் மயங்கி விழுவார்கள்.

மரத்தின் மற்ற உபயோகங்களை மதாம் வீட்டைச் சுற்றிக் காட்டியபடியே சொல்லிக்கொண்டு போனார். உத்தரம், கதவு, கட்டில் எல்லாம் அதே மரம். அதற்குள் இருக்கிற துவர்ப்பு அதை உளுத்துப்போக விடாது, அதனால் திராட்சைத் தோட்டத்து முட்டுக்கால்களுக்கு இதைவிட நல்ல மரம் இல்லை. உள்ளே கோறையான அடிமரத்தைத் துண்டு போட்டு நிறுத்தி, மேலே ஒரு கல் தகட்டை மூடினால் தேன்கூடு. முற்றத்தின் மேல் படியில் அப்படி நாலு நின்றன, ஒன்றில் மட்டும் தேனீ. அதன் தேன் கறுப்பு, கடைசியில் ஒரு கசப்பு. ரொட்டியில் தடவி நான் ஆசையோடு வாயில் வைத்துவிட்டு முழித்தேன். இலை ஆட்டுக்குத் தீனி. கிழக்கே புறோவான்சில் பனோன் என்கிற ஆட்டுப்பால் சீஸை இந்த இலையில் சுற்றி, ராஃபியா நாரால் கட்டிப் பழுக்கவைக்கிறார்கள். இளந்தடியைப் பிளந்து கூடை முடைவார்கள். அடுப்புக்கு மட்டும் இந்த விறகு கூடாது. வெடித்துப் பொறி பறக்கும்.

அந்தத் துவர்ப்புத்தான் பிறகு மரத்துக்கு வினையாகவும் வந்தது. தோல் பதனிட அது வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் வந்து மரத்தை எடைக்கு வாங்கின. அதே காலத்தில் 'மை நோய்' பரவிக்கொண்டிருந்தது. வேரைப் பிடிக்கிற நோய், அடியில் மைபோலக் கறுப்பாக நீர் வடியும், மரம் உச்சியிலிருந்து காயும். சாகப்போகிற மரத்தை விற்றால் காசாவது மிஞ்சும் என்று சனம் நல்ல மரத்தையும் சேர்த்து விற்றது. காசுக்கு ஏன் அவ்வளவு அவதி என்றால் அதற்கு முன்பே பட்டு விழுந்துவிட்டது. செவெனில் ஷத்தேன் சாப்பாடு தந்தது, பணம் தந்தது பட்டுப்பூச்சி. அந்தப் பூச்சிக்கு வந்த நோயை ஆராயத்தான் விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1865இல் அலெசுக்கு வந்தார். அவர் வழி கண்டுபிடிப்பதற்குள் எத்தனையோ சனம் அலெஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இறங்கிவிட்டது. இறங்கியவர்கள் ஏறி வரவில்லை.

இன்னொரு நோய்க்கதையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் முடிவு விசித்திரம். 1904இல் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையில் செஸ்ட்நட் மரங்களின் பட்டை வெடித்துக் காய்வதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து மரங்களோடு வந்த ஒரு பூஞ்சணம். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவின் ஏறக்குறைய 300 முதல் 400 கோடி மரங்கள் போய்விட்டன. 1938இல் அதே பூஞ்சணம் இத்தாலியில் ஜெனோவாவுக்குப் பக்கத்தில் தென்பட்டது. ஐரோப்பாவுக்கும் அதே கதிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1950களில் இத்தாலியில் சில மரங்களின் புண் தானாகவே ஆறிக்கொண்டிருந்தது. ஷான் கிறாந்த் என்கிற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அதைத் தோண்டிப் பார்த்தார். பூஞ்சணத்துக்கே நோய் பிடித்திருந்தது. ஒரு வைரஸ் அதைப் பலவீனமாக்க, மரம் அந்த இடைவெளியில் புண்ணை மூடிக்கொள்கிறது. அதன்பிறகு புண்ணைச் சுற்றித் துளை போட்டு, நோய்பிடித்த பூஞ்சணத்தைப் பசையாக அடைத்து வைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். மதாமின் மேல் படி மரங்களில் அந்தத் தழும்புகள் இருக்கின்றன, அம்மைப்பால் குத்திய கைபோல.

நான் முதல்முறை போனபோது கிளேட்டுக்கு மதாமின் புருஷன் நெருப்புக் காத்தார். அவர் போன பிறகு சில வருடம் அது புகையவில்லை. மகனுக்குப் பரிசில் வேலை. ஆறு கிழமை லீவு யார் தருவார்? ஷத்தேனைப் பச்சையாகவே கூட்டுறவுக்குப் போட்டார்கள், மிச்சம் காட்டுப்பன்றிக்கு. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீடுகள் நாலும் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்ச நாள் முறைவைத்து, திரும்ப மூட்டுவது என்று முடிவானது. மூன்று இரவு ஆள் இல்லை. சிநேகிதன் கேட்டான். நான் போனேன்.

வேலை அதிகமில்லை. இரண்டு மணிக்கொருதரம் எழும்பி, டோர்ச்சோடு போய், கட்டைக்கு மேல் சிவப்புத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஒரு சவள் கோது. புகை மெலிந்தால் கோதைக் கொஞ்சம் விலக்கிவிட வேண்டும். முதல் இரவில் சுவாலை எழும்பிவிட்டது. மேலே மரத் தளம், அதன்மேல் நாலு வீட்டு விளைச்சல், எத்தனையோ கிளேட் இப்படித்தான் எரிந்து போயிருக்கின்றன. என் கை தானாகவே சாம்பலை அள்ளி ஓரத்திலிருந்து உள்ளே மூடியது. நடுவில் கொட்டக்கூடாது, நெருப்பு மூச்சுத் திணறிப் பொங்கும். இது மதாம் சொல்லித் தந்தது இல்லை. எட்டு வயதில் குடில் வாசலில் நின்று பார்த்தது.

மூன்றாம் நாள் காலை மதாம் தடியூன்றி வந்து, குனிந்து நெருப்பைப் பார்த்தார், மேலே ஏறிய புகையைப் பார்த்தார். "முன்பு எங்கே வேலை செய்தாய்?" என்றார். உணவகத்தைக் கேட்கவில்லை என்று விளங்கியது. "என் தாத்தாவிடம்" என்றேன். போதும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, போன வருடத்துப் பருப்பில் 3 கிலோ துணிப்பையில் கட்டித் தந்தார்.

பரிசுக்கு வந்து இறங்கியதும் அரிசி வாங்க லா சப்பலுக்குப் போனேன். கடையில் ஒரு முதியவர், என்னைக் கடந்து போனவர், திரும்பி வந்து என் கோட்டுப் பக்கம் மூக்கை நீட்டினார். "தம்பி, எங்கை குடில் போட்டனீர்?" என்றார். சிரித்துக்கொண்டு பையை அவிழ்த்து ஒரு கை பருப்பைக் கொடுத்தேன். "ஐயா கவனம், ஊறப்போட்டு அவிச்சுத்தான் தின்ன வேணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒன்றைக் கடைவாயில் வைத்துவிட்டார்.